எந்தத் துறை எந்த ஊருக்கு? ஹெட் ஆபீஸைப் பிரிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

"சென்னை வாடகை கட்டுப்படியாகவில்லை, ஹெட் ஆபீஸில் பாதியைக் கோவைக்கோ மதுரைக்கோ மாற்றிவிடலாம்" என்று முதலாளி முடிவெடுத்துவிட்டார், கணக்குப் பார்க்கும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த நிலையில் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான். ஒவ்வொரு ஊரிலும் சதுர அடி வாடகை என்ன, சம்பளத்தில் எவ்வளவு குறையும் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொரு துறைக்கும் எந்த ஊர் மலிவோ அதில் டிக் அடித்துவிடுவார்கள். பட்டியல் தேவைதான். அதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் டூர் பில்கள் வந்து குவியும். ஒரு துறைக்கு எந்த ஊர் லாபம் என்பது அந்த ஊரின் விலைவாசியை மட்டும் பொறுத்ததில்லை. அதோடு தினமும் புழங்கும் மற்றத் துறைகள் எங்கே உட்காரப்போகின்றன என்பதையும் பொறுத்தது.

இடத்துக்கு இப்போது பஞ்சமில்லை. மென்பொருள் நிறுவனமான ஸோஹோ 2011-லேயே தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்குப் போய்விட்டது. கோவை விளாங்குறிச்சியிலும் மதுரை இலந்தைகுளம், வடபழஞ்சியிலும் மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் ஐ.டி. பூங்காக்கள் இருக்கின்றன. விழுப்புரத்தில்கூட 2024-இல் டைடல் நியோ பூங்கா திறந்தாகிவிட்டது. அதனால் 'எங்கே போவது' என்பதைவிட 'யார் யாரோடு போவது' என்பதுதான் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி.

எண்களோடு பார்த்தால்தான் இது பிடிபடும். ஒரு பம்பு நிறுவனம், கிண்டியில் ஹெட் ஆபீஸ் என்று ஒரு கற்பனை உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ், கஸ்டமர் கேர், டிசைன், சேல்ஸ் என்று ஐந்து துறைகள். சேல்ஸ் சென்னையை விட்டு நகராது என்பது முடிவான விஷயம். மற்ற நான்கும் சென்னையிலேயே இருக்கலாம், கோவைக்கோ மதுரைக்கோ போகலாம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் நிறுவனத்தின் எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பட்டியல்: இடம் மாறினால் என்ன மிச்சம்

ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு ஊருக்குப் போனால், சென்னையில் இருப்பதோடு ஒப்பிட மாதம் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிடுங்கள். சென்னையில் இருந்தால் மிச்சம் பூஜ்யம். முழுச் செலவையும் எழுத வேண்டாம், வித்தியாசத்தை எழுதினால் போதும். எங்கே போனாலும் மாறாத செலவு கணக்கை நீட்டுமே தவிர விடையை மாற்றாது.

கஸ்டமர் கேரை மதுரைக்கு அனுப்பும் கணக்கைப் பார்க்கலாம். 60 பேர். ஒரு சீட்டுக்கு வாடகை, மின்சாரம், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் ₹4,000 குறைகிறது என்றால் ₹2.40 லட்சம். சம்பளத்தில் ஆளுக்கு ₹8,000 வித்தியாசம் என்றால் ₹4.80 லட்சம். மொத்தம் ₹7.20 லட்சம். இதிலிருந்து ஒருமுறைச் செலவைக் கழிக்க வேண்டும். மேசை, நாற்காலி, கேபிள், யுபிஎஸ் வகையில் ₹25 லட்சம், வர மறுப்பவர்களுக்குக் கணக்கு முடிப்பது, புதியவர்களுக்குப் பயிற்சி என்ற வகையில் ₹18.20 லட்சம், ஆக ₹43.20 லட்சம். மூன்று வருடத்துக்கு, அதாவது 36 மாதத்துக்குப் பகிர்ந்தால் மாதம் ₹1.20 லட்சம். கழித்தால் நிகர மிச்சம் ₹6 லட்சம். மாதச் செலவையும் ஒருமுறைச் செலவையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவராமல் கூட்டுவதுதான் புதிதாகச் செய்பவர்களிடம் அதிகம் பார்க்கும் தவறு.

இந்தப் பட்டியலில் ஏமாறுவதற்கு இன்னும் சில இடங்கள் உண்டு. வாடகை அட்வான்ஸ் செலவில்லை, திரும்பி வரும் பணம். அது முடங்கிக் கிடப்பதற்கான வட்டி மட்டும்தான் செலவு. பழைய கட்டடத்தில் லாக்-இன் காலம் (ஒப்பந்தப்படி நடுவில் காலி செய்ய முடியாத காலம்) பாக்கி இருந்தால் அதுவரைக்கான வாடகையை மிச்சமாக எழுதக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலியாகும் இடத்தை உண்மையிலேயே ஒப்படைத்தால்தான் வாடகை மிச்சம். 15 பேர் போய் மாடியின் ஒரு மூலை காலியானால் வீட்டுக்காரர் வாடகையைக் குறைக்க மாட்டார். துறைத் தலைவர்கள் அந்த மூலையில் இன்னொரு மீட்டிங் ரூம் போட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

வர மறுப்பவர்களின் எண்ணிக்கையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் லண்டனிலிருந்து வேல்ஸில் உள்ள நியூபோர்ட்டுக்கு மாறியபோது லண்டன் ஊழியர்களில் பெரும்பாலோர் கூடப் போகவில்லை. அதனால் அனுபவசாலிகளை இழந்ததைப் பல வருடம் கழித்து, 2016-இல் வந்த சார்லஸ் பீன் அறிக்கையும் பேசியது. நம் ஊரிலும் கணவன் ஒரு கம்பெனி, மனைவி ஒரு கம்பெனி, பிள்ளை பத்தாம் வகுப்பு என்றால் யார் கிளம்புவார்கள்? சொந்த ஊர் மதுரைப் பக்கம், கோவைப் பக்கம் என்று இருப்பவர்கள் சந்தோஷமாகப் போவார்கள். துறைவாரியாக அவர்கள் எத்தனை பேர் என்று எச்.ஆரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சம்பளத்தில் வீட்டு வாடகைப் படி வாங்குபவர்கள் பழைய வரி முறையில் இருந்தால் அவர்களுக்கு இன்னொரு சின்ன அடியும் இருக்கிறது. சென்னை பெருநகரப் பட்டியலில் வருவதால் வரி விலக்கின் உச்சவரம்பு சம்பளத்தில் 50 சதவீதம், கோவையிலும் மதுரையிலும் 40 சதவீதம். தொகை பெரிதில்லை, ஆனால் முன்கூட்டியே சொல்லாவிட்டால் முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் புகார் வரும்.

மாநிலத்துக்குள்ளேயே மாறினால் ஒரு சௌகரியம்: இருக்கிற ஜிஎஸ்டி பதிவிலேயே புதிய முகவரியைக் கூடுதல் இடமாகச் சேர்த்துக்கொள்ளலாம். பெங்களூரு, கொச்சி என்று போனால் அந்த மாநிலத்தில் தனிப் பதிவு எடுக்க வேண்டியிருக்கும், ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்கு உள்பில் போட வேண்டி வரும். அந்த வேலைக்கும் ஒரு செலவு எழுதுங்கள்.

சரி, நம் உதாரணத்தில் இப்படியெல்லாம் கழித்த பிறகு வந்த மாத மிச்சம், லட்சத்தில்:

அக்கவுண்ட்ஸ்: கோவை 2.0, மதுரை 3.0
பர்ச்சேஸ்: கோவை 3.0, மதுரை 1.5
கஸ்டமர் கேர்: கோவை 4.0, மதுரை 6.0
டிசைன்: கோவை 3.5, மதுரை 1.0

பர்ச்சேஸுக்கும் டிசைனுக்கும் கோவை தூக்கலாக இருப்பதில் ஆச்சரியமில்லை. வார்ப்புப் பட்டறைகளும் மோட்டார் உதிரிபாகக்காரர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.

இரண்டாவது பட்டியல்: யாருக்கு யாரோடு வேலை

இது கஷ்டமான பட்டியல். இப்போது எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருப்பதால் இந்தச் செலவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை. படியிறங்கிப் போய்ப் பேசிவிட்டு வருவதற்கு யாரும் வவுச்சர் போடுவதில்லையே.

நான்கு வாரத்துக்கு ஒரு குறிப்பேடு வைக்கச் சொல்லுங்கள். ஒரு துறைக்காரர் இன்னொரு துறைக்காரரைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரு கோடு. பக்கத்திலேயே ஒரு கேள்வி: இதைப் போனிலோ வீடியோ காலிலோ முடித்திருக்க முடியுமா? முடியும் என்றால் அந்தக் கோட்டை அடித்துவிடலாம். பர்ச்சேஸ்காரர் ஒரு வார்ப்பு மாதிரியைக் கொண்டுவந்து டிசைன் மேசையில் வைத்து, "இந்த இடத்துல சின்ன ஓட்டை விழுந்திருக்கு, பரவாயில்லையா, திருப்பி அனுப்பவா?" என்று கேட்டால் அதை வீடியோவில் முடிக்க முடியாது. கையில் எடுத்துத் தடவிப் பார்க்க வேண்டும். அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ் இடையே சப்ளையர் பில்லும் சரக்கு வரவு ரசீதும் ஒத்துப்போகாத தகராறுகளில் சிலவற்றுக்குக் கோப்போடு எதிரெதிரே உட்கார்ந்தால்தான் தீர்வு. மிஞ்சிய கோடுகளே ஊர் பிரிந்தால் பயணமாக மாறப்போகிறவை. இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டியதென்றால் இரண்டு பயணம்.

துறைத் தலைவர்களிடம் வாய்வார்த்தையாகக் கேட்டு எண்களை வாங்காதீர்கள். போக விருப்பமில்லாதவர் எண்ணை ஏற்றிச் சொல்வார், மாற்றலை விரும்புகிறவர் குறைத்துச் சொல்வார். இரண்டு பக்கக் குறிப்பேட்டையும் வாங்கி ஒப்பிட்டால் உண்மை நடுவில் எங்கேயோ தெரியும்.

நம் உதாரணத்தில் மாதாந்தரப் பயணங்கள்:

அக்கவுண்ட்ஸ் – பர்ச்சேஸ் 40
பர்ச்சேஸ் – டிசைன் 50
கஸ்டமர் கேர் – டிசைன் 15
அக்கவுண்ட்ஸ் – கஸ்டமர் கேர் 5
சேல்ஸோடு: கஸ்டமர் கேர் 20, அக்கவுண்ட்ஸ் 10, டிசைன் 10, பர்ச்சேஸ் 5

அடுத்தது ஒரு பயணத்தின் விலை. டிக்கெட்டோடு நின்றுவிடாதீர்கள். ரூம், சாப்பாடு, ஆட்டோ, அதோடு அந்த ஆள் அன்றைக்குச் செய்யாமல் போன வேலையின் மதிப்பு, இவையும் உண்டு. சென்னை–கோவை வந்தே பாரத் 2023 ஏப்ரலில் ஓட ஆரம்பித்தது, ஏறக்குறைய ஆறு மணி நேரம். காலை கோவையில் ஏறினால் நண்பகல் வாக்கில் சென்னை சென்ட்ரல், அதே ரயில் மதியமே திரும்பிவிடும். அதைப் பிடித்து வீடு திரும்ப நினைத்தால் மீட்டிங்குக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. இரவு வண்டியான சேரனிலோ நீலகிரியிலோ, மதுரை என்றால் பாண்டியனிலோ போய்த் திரும்புகிறவருக்கு ரூம் வாடகை மிச்சம், மறுநாள் மேசையில் அவர் தூங்கி வழிவது உங்கள் கணக்கில் வராது. எல்லாம் சேர்த்து சென்னை–கோவை, சென்னை–மதுரை இரண்டுக்கும் பயணத்துக்கு ₹8,000 என்றும், கோவை–மதுரைக்கு ₹5,000 என்றும் வைத்துக்கொள்கிறேன். ஒரே ஊருக்குள் பூஜ்யம்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது

இப்போது ஒவ்வொரு ஏற்பாட்டுக்கும் ஒரு எண் கிடைக்கும்: இடமாற்ற மிச்சத்தின் கூட்டுத்தொகையிலிருந்து, வெவ்வேறு ஊரில் பிரிந்துபோன ஜோடிகளின் பயணச் செலவைக் கழித்தது. அந்த எண் எதற்கு அதிகமோ அந்த ஏற்பாடு. சூத்திரம் அவ்வளவுதான். சுவாரஸ்யம் எண்களை ஓட்டிப் பார்ப்பதில் இருக்கிறது.

எச்சரிக்கையான மேனேஜர் எப்படி யோசிப்பார்? ஒவ்வொரு துறையாகத் தனித்தனியே நகர்த்திப் பார்ப்பார். அக்கவுண்ட்ஸ் மட்டும் மதுரை போனால் மிச்சம் 3 லட்சம், பயணச் செலவு 4.40 லட்சம். 1.40 லட்சம் நஷ்டம். டிசைன் மட்டும் கோவை போனால் 2.50 லட்சம் நஷ்டம். பர்ச்சேஸ் மட்டும் கோவை போனால் 4.60 லட்சம் நஷ்டம். கஸ்டமர் கேர் மட்டும்தான் தனியாகப் போனாலும் லாபம், மதுரைக்குப் போனால் 2.80 லட்சம். சரி, அதை அனுப்பியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு அடுத்து யாரை அனுப்பலாம் என்று பார்த்தால், எந்த ஒரு துறையைத் தனியாக நகர்த்தினாலும் அந்த 2.80 குறைகிறது. ஆகவே, "கஸ்டமர் கேர் மட்டும் மதுரை, மற்றதெல்லாம் இங்கேயே" என்று அறிக்கை எழுதி முடித்துவிடுவார்.

துணிச்சலான மேனேஜர் பயணத்தை மறந்துவிட்டு முதல் பட்டியலில் ஒவ்வொரு துறைக்கும் பெரிய எண்ணை எடுப்பார். அக்கவுண்ட்ஸும் கஸ்டமர் கேரும் மதுரை, பர்ச்சேஸும் டிசைனும் கோவை. மிச்சம் 15.50 லட்சம் என்று ஸ்லைடில் போடுவார். பயணச் செலவு 6.35 லட்சத்தைக் கழித்தால் நிஜத்தில் கிடைப்பது 9.15.

எல்லா ஏற்பாடுகளையும் ஓட்டிப் பார்த்தால் முதலில் வருவது இரண்டுமில்லை. அக்கவுண்ட்ஸ், பர்ச்சேஸ், டிசைன் மூன்றும் கோவை, கஸ்டமர் கேர் மதுரை. மிச்சம் 14.50, பயணம் 4.60, நிகரம் 9.90 லட்சம். அக்கவுண்ட்ஸுக்கு மதுரைதான் மலிவு, ஆனாலும் அது கோவை போகிறது, பர்ச்சேஸ் அங்கே இருப்பதால். தனித்தனியாகப் பார்த்தால் நஷ்டம் என்று ஒதுக்கப்பட்ட மூன்று துறைகளும் ஒன்றாகப் போனால் மாதம் 7.10 லட்சம் கூட்டித் தருகின்றன. எச்சரிக்கைக்காரர் கைவிட்டது அந்தத் தொகையை. என்னைக் கேட்டால் துணிச்சல்காரரைவிட அவர்தான் அதிக நஷ்டம் செய்தவர். ஆனால் எச்சரிக்கைக்காரர் செய்த தவறு எந்தப் பில்லிலும் வராது, அதனால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இதை எக்செலில் செய்வது

நான்கு துறை, மூன்று ஊர் என்றால் மொத்தம் 3×3×3×3 = 81 ஏற்பாடுகள். இதற்கு எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். ஒரு ஷீட்டில் 81 வரிசை போடுங்கள். நான்கு துறைக்கு நான்கு பத்தி, ஊர்களுக்கு 1, 2, 3 என்று எண். முதல் பத்தியில் எண் 27 வரிசைக்கு ஒருமுறை மாற வேண்டும், இரண்டாவதில் 9-க்கு ஒருமுறை, மூன்றாவதில் 3-க்கு ஒருமுறை, கடைசியில் ஒவ்வொரு வரிசையிலும். ஐந்தாவது பத்தியில் இடமாற்ற மிச்சத்தை முதல் பட்டியலிலிருந்து இன்டெக்ஸ் சூத்திரம் வைத்து எடுத்துக் கூட்டுங்கள். அடுத்த பத்திகளில் ஜோடிக்கு ஒன்று: பயண எண்ணிக்கை, அந்த இரண்டு ஊருக்கு இடையிலான விலை, பெருக்கல். கடைசியில் நிகரம். இறங்கு வரிசையில் அடுக்கினால் வேலை முடிந்தது. முதல் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடாமல் முதல் பத்து வரிசையையும் பிரிண்ட் எடுங்கள். பேச்சுவார்த்தையில் அது கைகொடுக்கும்.

துறை எண்ணிக்கை கூடக்கூட வரிசைகள் மும்மடங்காகும். பன்னிரண்டு துறைக்கு 5,31,441 வரிசை, எக்செல் தாங்கும், ஆனால் திணறும். பதிமூன்றுக்கு 15,94,323. எக்செலின் வரிசை எல்லை 10,48,576 என்பதால் அங்கே கதவு அடைபடும். பல நிறுவனங்களில் அவ்வளவு போகாது. ஒன்றையொன்று விட்டுப் பிரியாத துறைகளை முதலிலேயே ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் எண்ணிக்கை சட்டென்று இறங்கிவிடும்.

எக்செலிலேயே இருக்கும், சிறந்த விடையைத் தானே தேடித் தரும் சால்வர் என்ற கருவியை வைத்துச் செய்யப்போகிறவர்களுக்கு ஒரு முட்டுக்கட்டை காத்திருக்கிறது. துறைக்கும் ஊருக்கும் ஒரு கட்டம், போனால் 1, போகாவிட்டால் 0 என்று அமைத்தால் பயணச் செலவில் இரண்டு கட்டங்கள் ஒன்றோடொன்று பெருக்கப்படும். மாறிகளை ஒன்றோடொன்று பெருக்காத (நேரியல்) கணக்குகளுக்கு மட்டுமே உரிய சால்வரின் சிம்ப்ளெக்ஸ் முறை, உடனே 'நேரியல் நிபந்தனை பொருந்தவில்லை' என்று நின்றுவிடும். வழி இருக்கிறது. பிரிந்துபோகும் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு ஊர்ச் சேர்க்கைக்கும் புதிதாக ஒரு மாறி வையுங்கள், அதன் மதிப்பு பூஜ்யத்துக்குக் குறையக் கூடாது, 'முதல் கட்டம் + இரண்டாம் கட்டம் − 1' என்பதற்கும் குறையக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள். இரண்டு துறையும் அந்தந்த ஊருக்குப் போனால்தான் அது 1 ஆகும், செலவும் ஏறும். மற்ற நேரத்தில் கணக்கு அதைத் தானாகவே பூஜ்யத்துக்கு அழுத்திவிடும்.

நகராத துறையோடான பயணத்துக்கு இந்தச் சுற்றுவழியே வேண்டாம். சேல்ஸ் சென்னையில்தான் என்பது தெரிந்துவிட்டதால் அந்தச் செலவை முதல் பட்டியலிலேயே கழித்துவிடலாம். உதாரணமாகக் கஸ்டமர் கேர் மதுரைக்கு 6.0 என்பது 4.4 ஆகும். அப்படிச் செய்தால் நம் உதாரணத்துக்கு 12 கட்டங்களும் 24 கூடுதல் மாறிகளும் போதும். எக்செலோடு வரும் சால்வரின் எல்லை 200 மாறிகள், அதற்குள் சுலபமாக அடங்கும். அதைத் தாண்டினால் பைத்தான் கணினி மொழியில் பல்ப் (PuLP) அல்லது கூகுளின் ஓஆர்-டூல்ஸ் (OR-Tools) என்ற நிரல் தொகுப்புகள், இரண்டும் இலவசம்.

இந்த மாதிரிக் கணக்கைப் பொருளாதார வல்லுநர்கள் கூப்மான்ஸும் பெக்மனும் 1957-இல் எழுதிவைத்தார்கள். ஒரு இடத்துக்கு ஒன்று என்று 30 அலகுகளை 30 இடத்தில் பொருத்தும் ஒரு பிரபலமான கணக்கு 1968-இல் போடப்பட்டு, 2000-ஆம் ஆண்டில்தான் தீர்ந்தது, அதுவும் நூற்றுக்கணக்கான கணினிகளை ஒரு வாரம் ஓட்டி. உங்கள் ஐந்தாறு துறைக்கு அந்தக் கவலை இல்லை.

நிபந்தனைகளும் அவற்றின் விலையும்

கோவையில் பார்த்த இடத்தில் இரண்டு துறைக்குத்தான் இடம் என்றால்? மூன்று துறை கோவையில் இருக்கும் வரிசைகளை நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள். முதலிடத்துக்கு வருவது துணிச்சல்காரரின் ஏற்பாடு, 9.15 லட்சம். வித்தியாசம் 75,000. அப்படியானால் அக்கவுண்ட்ஸையும் கோவையில் உட்கார வைக்க, ஏற்கெனவே கணக்கிட்ட வாடகைக்கு மேல் மாதம் ₹75,000 வரை கூடுதலாகக் கொடுக்கலாம், அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். கட்டட உரிமையாளரோடு பேசப் போகும்போது இந்த ஒரு எண் பையில் இருந்தால் போதும்.

முதலாளி போடும் நிபந்தனைகளையும் இப்படியே விலைபோட்டுக் காட்டுங்கள். "அக்கவுண்ட்ஸ் என் கண் முன்னாலேயே இருக்கணும்" என்று அவர் சொன்னால் மற்ற மூன்றுக்கும் சிறந்த ஏற்பாடு 5.35 லட்சம்தான். அந்த ஆசையின் மாத விலை 4.55 லட்சம். மறுக்க வேண்டாம், எண்ணைச் சொன்னால் போதும். அப்புறம் அவர் இஷ்டம்.

எந்த எண் தப்பானால் முடிவு மாறும்

எல்லா எண்களையும் துல்லியமாக்கப் பாடுபட வேண்டாம். முதலிரண்டு வரிசைகளுக்கு நடுவே எது வித்தியாசமோ அதை மட்டும் தோண்டுங்கள். இங்கே முதல் இரண்டும் ஒரே விஷயத்தில்தான் பிரிகின்றன: அக்கவுண்ட்ஸ் கோவையா மதுரையா. மதுரை போனால் கூடுதல் மிச்சம் 1 லட்சம், கஸ்டமர் கேரோடு ஒரே ஊர் என்பதால் இன்னொரு 25,000. எதிர்ப்பக்கம் பர்ச்சேஸோடு மாதம் 40 பயணம், ஒன்று ₹5,000 வீதம் 2 லட்சம். இரண்டும் சமமாகும் இடம் 25 பயணம். அதாவது 40 என்பது நிஜத்தில் 25-க்குக் கீழே இறங்கினால் அக்கவுண்ட்ஸ் மதுரைக்குப் போக வேண்டும்.

இது வெறும் கற்பனையில்லை. சரக்கு வரவு ரசீதுகளை கேட்டிலேயே ஸ்கேன் செய்து ஏற்றும் வழக்கம் வந்துவிட்டால் பில் தகராறுகள் பாதியாகலாம். அந்த மாற்றம் அடுத்த வருடம் வரப்போகிறது என்றால் இந்த வருட எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். மாறாக, கஸ்டமர் கேர்–டிசைன் பயணம் 15-ஆ 20-ஆ என்று வாதாடிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. முதல் இரண்டு ஏற்பாட்டிலும் அது ஒரே செலவு.

யார் முதலில் கிளம்புவது

கணக்கு முடிந்ததும் பலர் விட்டுவிடும் படி இது. நான்கு துறைகளும் ஒரே நாளில் லாரி ஏறப்போவதில்லை. நடுவில் பாதி அங்கே பாதி இங்கே என்று இருக்கும் மாதங்களின் செலவும் அதே ஷீட்டில்தான் இருக்கிறது, அந்தந்த வரிசையைத் தேடிப் பார்த்தால் போதும்.

முதலில் கஸ்டமர் கேர், சந்தேகமில்லை, 2.80. அடுத்ததாகப் பர்ச்சேஸ் மட்டும் போனால் நிகரம் 1.80 லட்சம் நஷ்டத்துக்கு இறங்கிவிடும். டிசைன் மட்டும் என்றால் 1.95, அக்கவுண்ட்ஸ் மட்டும் கோவை என்றால் 0.95. பர்ச்சேஸும் டிசைனும் ஒன்றாகப் போனால் 5.35. அதற்கப்புறம் அக்கவுண்ட்ஸ் போனால் 9.90. இந்த வரிசையில் போனால் எந்தக் கட்டத்திலும் எண் கீழே இறங்காது.

காலண்டரும் பார்க்க வேண்டும். பள்ளி ஜூனில் திறப்பதால் குடும்பத்தோடு மாறுகிறவர்களுக்கு மே மாதம்தான் தோது. அதைத் தவறவிட்டால் ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும், ஆடியில் வீடு மாற்றச் சொன்னால் பாதிப் பேர் வீட்டில் பெரியவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மார்கழியும் அப்படியே. கஸ்டமர் கேர், பர்ச்சேஸ், டிசைன் மூன்றையும் மே மாதத்துக்குள் முடித்துவிடப் பாருங்கள்.

அக்கவுண்ட்ஸை மட்டும் மே மாதத்தில் தொடாதீர்கள். வருடக் கணக்கு முடிப்பும் ஆடிட்டும் அப்போது உச்சத்தில் இருக்கும். செப்டம்பர் 30 வரித் தணிக்கை அறிக்கை, அக்டோபர் 31 வருமான வரிக் கணக்கு என்று வழக்கமான கெடுக்கள் ஓடும். அவை முடிந்த பிறகு நவம்பர் சரியான மாதம். அந்த மாதத்திலும் டிடிஎஸ் கட்ட 7, ஜிஎஸ்டிக்கு 11, 20 என்று தேதிகள் இருப்பதால் 20-ஆம் தேதிக்குப் பிறகுதான் கணினிகளைக் கழற்ற வேண்டும்.

நவம்பரில் பிள்ளைகளைப் பள்ளி மாற்ற முடியாதே என்று அக்கவுண்ட்ஸ்காரர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. அடுத்த மே வரை தள்ளிப்போட்டால் ஆறு மாதம், மாதம் 4.55 லட்சம் வீதம் 27.30 லட்சம் கைவிட்டுப் போகும். அதற்குப் பதில் அக்கவுண்ட்ஸில் இருக்கும் 20 பேரையும் நவம்பரிலேயே அனுப்பி, குடும்பம் சென்னையில் இருக்கும் ஆறு மாதத்துக்குக் கோவையில் தங்க ஆளுக்கு மாதம் ₹12,000 கம்பெனியே கொடுத்தால் 14.40 லட்சம். வாரக்கடைசியில் வீட்டுக்கு வந்து போக ரயில் டிக்கெட்டையும் இதோடு சேர்த்துக் கொடுக்க இடமிருக்கிறது. சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.